லயத்து முன்னால் இறங்காதவன்

என் குவாட்டர்ஸிலிருந்து தோட்டத்து ஆபீசுக்குப் போக ஒரே ரோடுதான் இருந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே அரை மைல் இறக்கம். அடியில் ஒரு பீலி, எந்நேரமும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். பீலியை ஒட்டி இருபது காம்பரா உள்ள நீண்ட லயம், தொழிலாளர்களின் குடியிருப்பு. லயத்தைத் தாண்டியதும் மேடு. இறக்கத்தில் சைக்கிளுக்குக் கிடைத்த வேகம் சரியாக அந்த லயத்துக்கு முன்னால்தான் தீர்ந்துபோகும். நாய்களுக்கு அது தெரிந்திருந்தது.

ஆறேழு நாய்கள். ஒன்று குரைத்தால் மற்றவை வாசல்களிலிருந்து எழுந்து வரும். மேட்டில் நான் எழுந்து நின்று மிதிக்கும்போது கணுக்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வாயைக் கொண்டுவந்துவிட்டுத் திரும்பும். ஒருநாளும் கடித்ததில்லை. ஆனால் பெரிய கிளாக்கரான நான் தினமும் காலையும் மாலையும் வேட்டியைத் தொடை வரை தூக்கிக்கொண்டு, ஒரு காலை ஹேண்டில் மேல் வைத்துக்கொண்டு அந்த மேட்டில் தடுமாறுவதைப் பீலியில் குளிக்கும் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தா பெரிய கிளாக்கரையா வாறாரு. நாய்ங்களுக்கு வேலைக்கு நேரமாயிருச்சு!"

அப்படி ஒருத்தி சொன்னதும் மற்றவர்கள் சிரித்ததும் எனக்குக் கேட்டன. கேட்காத மாதிரி போனேன்.

என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். சட்டைப்பையில் கற்கள் வைத்துக்கொண்டேன்; எறிவதற்குக் கையை எடுத்தால் சைக்கிள் ஆடியது. குடையை நீட்டிப் பார்த்தேன்; அதன் துணியை ஒரு நாய் பிடுங்கிக்கொண்டு போய் லயத்து வாசலில் போட்டது. பாக்டரியில் ரப்பர் பால் கட்டிப்போகாமல் இருக்க ஊற்றும் அமோனியாவைச் சின்னப் போத்தலில் எடுத்துவந்து வீசினேன். காற்று எதிரே அடித்தது. கண்களைப் பொத்திக்கொண்டு பீலியிலேயே போய்த் தலையை நீட்ட வேண்டியதாயிற்று. அன்று பெண்கள் சிரிக்கவில்லை. விலகி எனக்கு இடம் விட்டார்கள். அது சிரித்ததை விட மோசமாக இருந்தது.

செய்யாதது ஒன்றுதான். சைக்கிளை விட்டு இறங்கி லயத்தைத் தாண்டி நடந்து போகவில்லை.

ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டங்களில் சைக்கிளில் வரும் தொழிலாளி, எதிரே எங்களைப் போன்ற ஸ்டாப் ஒருவர் வந்தால் இறங்கி ஓரமாக நிற்பான். குடை பிடித்திருந்தால் மடக்குவான். நான் சொல்லும் காலத்தில், அதாவது அரசாங்கம் தோட்டங்களைக் கம்பெனிகளுக்குக் கொடுத்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தபோது, இளைஞர்கள் அதை விட்டுவிட்டார்கள். வயதானவர்கள் விடவில்லை. அவர்கள் நமக்காக இறங்க வேண்டும், நாம் அவர்களுடைய வாசலில் காலை ஊன்றக்கூடாது. இதை யாரும் எழுதிவைக்கவில்லை. என் அப்பாவும் கிளாக்கர்தான். லயத்துக்கு முன்னால் அவர் சைக்கிளை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. லயத்து வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தும் பார்த்ததில்லை. கேகாலையில் விடுதியில் தங்கி ஆங்கிலம் படித்த நானும் அப்படியே இருந்தேன். நாய்க்குப் பயந்து இறங்கினேன் என்று ஆகிவிட்டால் பிறகு அந்த லயத்துக்கு முன்னால் நான் யார்?

இந்த நிலையில்தான் புதிய டிஸ்பென்சர் வந்தார். தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்ப்பவர். ஆட்கள் அவரை டாக்டரையா என்பார்கள். முப்பது வயதிருக்கும். றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் லயத்தில் பிறந்தவர், அம்மா கொழுந்து பறித்தவர். இதை அவர் மறைக்கவில்லை. முதல் நாளே ஆபீசில் சாதாரணமாகச் சொன்னார். நான் மறக்காமல் வைத்துக்கொண்டேன்.

அவரும் சைக்கிள்தான். முதல் வாரம் நாய்கள் அவரைத் துரத்தப் போவதைப் பார்ப்பதற்காகவே நான் மேட்டின் உச்சியில் சைக்கிள் செயினைச் சரிபார்ப்பதுபோல் நின்றேன். அவர் இறக்கத்தில் வந்தார், பீலிக்குப் பத்தடி முன்னால் இறங்கினார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லயத்து வாசல் வழியாகப் பேசியபடி நடந்தார், மேட்டடியில் ஏறினார். நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. ஒரு பழுப்பு நிறப் பெட்டை மட்டும் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு அவர் பின்னால் போயிற்று.

ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"இறங்கி நடந்தா அதுங்களுக்கு நம்ம மேல அக்கறையே இல்லீங்க ஐயா. ஓடுற சக்கரம்தான் ஆகாது. நீங்களும் ஒரு நாலு நாளைக்கு இறங்கிப் பாருங்களேன்."

நல்ல மனதோடு சொன்னதுதான். எனக்கு உள்ளே எரிந்தது. பேச்சில் அவரை 'டாக்டர்' என்பேன், மனதில் 'அவன்' என்பேன். அவனுக்கென்ன, இறங்கலாம், அவன் இறங்குவது அவனுடைய வீட்டு வாசலில் என்று நினைத்துக்கொண்டேன்.

பழுப்பு நாய் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒரு பெண்ணுடையது. லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தவர், என்னை விடப் பத்து வயது குறைந்தவர். விடியும் முன்னே அவர் வெட்டுக்கத்தியோடு மலைக்கு ஏறும்போது அது கூடவே போகும், பன்றி வந்தால் குரைக்கும். வெட்டிய பாலை நிறுத்துக் கொடுத்து முடிந்ததும் டிஸ்பென்சரோடு சேர்ந்துகொள்ளும். அவர் கீழ்க்கணக்கு என்று நாங்கள் சொல்லும் கீழ்ப்பிரிவுக்கு நோயாளிகளைப் பார்க்கப் போனால் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓடும், வரும்போது கூடவே வரும். என்னைத் துரத்தும் கூட்டத்தில் அது ஒருபோதும் சேர்ந்ததில்லை. அதையும் நான் கவனித்திருந்தேன். துரத்தும் நாய்கள் மேல் எனக்கு எரிச்சல்தான். துரத்தாத இந்த நாயைத்தான் வெறுத்தேன்.

வீட்டிலும் டிஸ்பென்சர் பேச்சுத்தான். என் மனைவிக்குப் பிரஷர் இருந்தது. அவர் வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். "டாக்டர் தம்பி கை வச்சாலே பாதி குணம்" என்பாள். எனக்குத் தேநீர் ஆறிப்போய் வரும் வீட்டில் அவருக்கு முறுக்கோடு காப்பி வரும். "லயத்துல ஒவ்வொரு வீட்டுலயும் தேத்தண்ணி குடிக்கிறாராமே. அதான் அவ்வளவு பாசம் வச்சிருக்காங்க" என்றாள் ஒருநாள். நான் பத்திரிகையை மடித்துவிட்டு எழுந்து போனேன்.

ஒரு மாலை, ஆபீஸ் விட்டு வரும்போது லயத்தருகே கறுப்பும் வெள்ளையுமான ஒரு கடுவன் நாய் பாய்ந்து வந்தது. இடது காலால் உதைத்தேன். உதை காற்றில் போனது, மற்றக் கால் பெடலிலிருந்து வழுக்கியது, சைக்கிளோடு சாய்ந்தேன். செயின் சக்கரம் வலது கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. வரிசையாக நான்கு ஓட்டைகள், அதற்கு மேல் ஒரு நீளக் கிழிசல். நாய் பயந்து ஓடிவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி மருந்துச்சாலைக்குப் போனேன்.

டிஸ்பென்சர் அப்போதுதான் கீழ்க்கணக்கிலிருந்து வந்து சைக்கிளைச் சாத்திக்கொண்டிருந்தார். பழுப்பு நாய் படியில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தபடி கிடந்தது.

"என்னாச்சுங்க ஐயா?"

"நாய் கடிச்சிருச்சு" என்றேன். விழுந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் உட்காரவைத்து சோப்புப் போட்டுக் கழுவினார். பஞ்சு கறுப்பாக வந்தது. இன்னொரு பஞ்சை எடுத்தார். அதுவும் கறுப்பு.

"இதுல கிரீஸ் இருக்குதுங்களே ஐயா" என்றார் மெதுவாக.

"கடிச்சதும் சைக்கிள் மேல விழுந்தேன்."

அவர் மூன்றாவது பஞ்சை எடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து மானேஜரான தொரையின் ஜீப் வந்து நின்றது. வழியில் என் சைக்கிள் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தொரை சிங்களவர், நாய் என்றாலே பிடிக்காதவர். காலைப் பார்த்தார். படியில் கிடந்ததைப் பார்த்தார்.

"மே பல்லாத?" இந்த நாயா என்று கேட்டார்.

எந்த நாய் என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. இந்த நாயா என்று கேட்டார். நான் டிஸ்பென்சரைப் பார்த்தேன். அவர் கையில் பஞ்சோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ் சர்", ஆமாம் என்றேன்.

நாய் தன் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தது போல் எழுந்து வாலை ஆட்டியது. சைக்கிளோடு இரண்டு மைல் ஓடிவந்த களைப்பு அதற்கு இன்னும் தீரவில்லை.

தொரை உடனே துப்பாக்கியோடு வாச்சரைக் கூப்பிடச் சொன்னார். டிஸ்பென்சர் பஞ்சைக் கீழே வைத்தார். பிறகு, இப்போதே சுட்டுவிட்டால் விசர், அதாவது வெறிநோய், இருந்ததா என்று உயிரோடு கவனிக்க முடியாது, இரண்டு வாரம் கட்டிவைத்துப் பார்ப்பதுதான் முறை, ஒன்றும் ஆகாவிட்டால் பயமில்லை, தானே பொறுப்பு என்று சிங்களத்தில் பணிவாகச் சொன்னார். தொரை அரைமனதோடு ஒத்துக்கொண்டார்.

நாயை மருந்துச்சாலைக்குப் பின்னால் பலா மரத்தில் சங்கிலியால் கட்டினார்கள். எனக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசி தொடங்கியது. நாய் கடிக்காத காலுக்காக, யாராவது ஒரு குழந்தைக்குத் தேவைப்பட்டிருக்கக்கூடிய மருந்தை, முகத்தைச் சுளித்துக்கொண்டு நான் போட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் டிஸ்பென்சர் வீட்டுக்கு வந்தார். மனைவி அடுப்படிக்குப் போன நேரத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஐயா, அன்னைக்கு அது ரெண்டு மணியிலிருந்து என் கூடதான் கீழ்க்கணக்குல இருந்திச்சு. பொழுது சாயுற மசண்டை நேரம், அடையாளம் தெரியாம போயிருக்கும். தொரைக்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிரும்."

"அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்லலீங்க."

"நீங்களே போய்த் தொரைக்கிட்டச் சொல்லுங்களேன். பெரிய கிளாக்கர் பொய்க்காரன்னு."

"நான் சொல்ல மாட்டேன்ங்க ஐயா. இன்னும் ஒம்பது நாள் போனா தானா அவிழ்த்து விட்டுறலாம். ஆனா அதுவரைக்கும் நீங்க ஏன் ஊசி போட்டுக்கணும்?"

மனைவி காப்பியோடு வந்தாள். அவர் வழக்கம்போல் சிரித்துப் பேசிவிட்டுப் போனார். தப்பிக்க அவர் எனக்கு ஒரு வழி விட்டுப் போயிருந்தார். மசண்டை, அடையாளம் தெரியவில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கொடுத்த வழியாயிற்றே என்பதாலேயே எனக்கு அது வேண்டாமல் இருந்தது.

சைக்கிள் மிதிக்க முடியாததால் அந்த நாட்களில் நான் கம்பை ஊன்றி ஆபீசுக்கு நடந்தேன். ஒரு நாயும் எழுந்திருக்கவில்லை. முதல் நாள் கம்பை ஓங்கிக்கொண்டே போனேன். பிறகு ஓங்கத் தேவையில்லை என்று கண்டேன். மூன்று வருடம் கற்களும் அமோனியாவும் கொண்டு முடியாதது, இறங்கியதும் முடிந்துவிட்டது.

பலாமரத்தடியிலோ தினமும் கூட்டம். பால் நிறுத்து முடிந்த கையோடு அந்தப் பெண் சோறு கொண்டுவருவார். பிள்ளைகள் பிஸ்கட் போடுவார்கள். டிஸ்பென்சர் தன்னுடைய பழைய சாக்கை விரித்துக் கொடுத்திருந்தார். என் மனைவி கூட மிஞ்சிய ரொட்டியைப் பொட்டலம் கட்டி என் கையிலேயே கொடுத்தாள். "கடிச்ச நாய்க்கா?" என்றேன். "அது என்ன தெரிஞ்சா செஞ்சிச்சு, பாவம்" என்றாள். ரொட்டியை வழியில் எறிந்துவிட்டேன். காயத்துக்கு மருந்து போடப் போகும்போதெல்லாம் அந்த நாய் என்னைப் பார்த்தும் வாலை ஆட்டியது.

பன்னிரண்டாம் நாள் காலை பீலியடியில் அந்தப் பெண்ணே நின்றிருந்தார். மழை பெய்ததால் அன்று பால்வெட்டு இல்லை. என்னைக் கண்டதும் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மரியாதையாக ஒதுங்கினார்.

"கால் தேவலாங்களா ஐயா? நாளன்னைக்கு அதை அவிழ்த்துருவாங்களாம். டாக்டரையா சொன்னாரு."

"ம்."

"கால் ஆறினாலும் இப்ப மாதிரியே நடந்தே வாங்க ஐயா. நாய்ங்க ஒண்ணும் செய்யாது. நம்ம டாக்டரையா மாதிரி."

அவர் கேலி செய்யவில்லை. என் மேல் கொஞ்சம் இரக்கம் கூட இருந்தது. பக்கத்தில் துணி துவைத்தவர்கள் ஆமாம் என்பது போல் தலையசைத்தார்கள். நம்ம டாக்டரையா மாதிரி. அந்த மேட்டை ஏறி முடிப்பதற்குள் அதை எத்தனை முறை எனக்குள் சொல்லிக்கொண்டேன் என்று தெரியாது.

ஆபீசில் தொரை ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, கால் எப்படி, நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சும்மா கேட்டதுதான். டிஸ்பென்சர் மருந்து எடுக்கக் கேகாலைக்குப் போயிருந்தார். அது எனக்குத் தெரியும்.

"நேற்றிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லையாம் சர். ஆட்கள் சொல்கிறார்கள்" என்றேன் ஆங்கிலத்தில்.

தண்ணீரைக் கண்டு பயப்படுவதுதான் விசருக்கு அடையாளம் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. தொரை பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். நான் என் மேசைக்குப் போய் ஒரு கடிதத்தை டைப் அடிக்கத் தொடங்கினேன். இரண்டாவது பந்தியில் இருந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. ஒரே சத்தம். கடிதத்தை முடித்தேன். ஒரு பிழை கூட இல்லை.

சற்று நேரத்தில் அந்தப் பெண் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். தொழிலாளர்கள் நின்று பேசும் இடம் அதுதான்.

"காலையில கூட கஞ்சித்தண்ணி குடிச்சிச்சுங்க ஐயா. நான்தான் வச்சேன். முழுசும் குடிச்சிச்சு."

"தொரை போட்ட ஓடர்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து மேசைக்கடியில் என் காலைப் பார்த்தார்.

"ஆறிருச்சாங்க ஐயா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டார்.

டிஸ்பென்சர் பின்னேரம் பஸ்ஸில் வந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கும் திருப்பிக் கத்தியிருக்க முடியும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தண்ணி குடிக்கலன்னு யாருங்க சொன்னது?" ஆட்கள் சொன்னார்கள் என்றேன். கடிபட்டவர் ஊசியைத் தொடரவேண்டுமா என்று தெரிய நாயின் தலையைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும், அதுதான் முறை. எல்லாம் தெரிந்த அந்த மனிதர், தொரை பங்களாவிலிருந்து ஐஸ் வாங்கி, பிஸ்கட் டின்னில் அதை வைத்துக் கட்டி, மறுநாள் ரம்புக்கனையில் ரயிலேறித் தானே கொண்டுபோனார். கடிக்காத நாயின் தலையை, கடிபடாத என்னுடைய பாதுகாப்புக்காக, மடியில் வைத்துக்கொண்டு.

முடிவு சில நாட்களில் தபாலில் வந்தது. தபாலை உடைப்பது என் வேலை. விசர் இல்லை என்று இருந்தது. மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை.

கால் ஆறியதும் மறுபடி சைக்கிளில் வந்தேன். லயத்தில் எல்லா நாய்களையும் கட்டிப்போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வாசல் தூணிலும் ஒரு சங்கிலி, ஒரு கயிறு. ஒன்றும் துரத்தவில்லை. பீலியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நான் தாண்டும் வரை பேச்சை நிறுத்தினார்கள். சைக்கிளில் எதிரே வந்த இளைஞன் ஒருவன், முன்பெல்லாம் இறங்காதவன், எனக்காக இறங்கி ஓரமாக நின்றான். நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

அடுத்த வருடம் டிஸ்பென்சர் மாற்றம் கேட்டு றக்வானப் பக்கம் போனார். பெட்டியைத் தூக்க லயமே வந்தது. என்னிடம் விடைபெற ஆபீசுக்கு வந்தவர் சொன்னது இதுதான்:

"அந்த நாய்க்கார அம்மாகிட்ட ஒருநாளைக்கு நீங்களே உண்மையச் சொல்லிருங்க ஐயா. வேற யாருக்கும் வேணாம்."

சொல்லவில்லை. பென்ஷன் வாங்கும் வரை, பத்து வருடத்துக்கு மேல், தினமும் இரண்டு முறை அந்தக் கடைசிக் காம்பராவைச் சைக்கிளில் தாண்டினேன். பிறகு ரம்புக்கனைக்குக் குடிவந்தோம். மனைவி இறந்த பிறகுதான், அவளிடமும் சொல்லாமல் விட்டேனே என்பது உறுத்தி, ஒருநாள் பஸ்ஸில் போய், பழைய ஆபீஸ் பையனிடம் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு இறக்கத்தில் இறங்கினேன். நடந்தே போயிருக்கலாம். ஆனால் சைக்கிளில் போய் அந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. பீலிக்குப் பத்தடி முன்னால் இறங்கினேன். புதிய நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன.

அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அடையாளம் கண்டு எழுந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செயின் சக்கரம், இந்த நாய்தான் என்றது, தண்ணீர் குடிக்கவில்லை என்றது. அவர் கீரைத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தெரியும்ங்க ஐயா. அது டாக்டரையா கூட கீழ்க்கணக்குக்குப் போனத நாங்க எல்லாரும் பாத்தோம். நீங்க விழுந்தத கூட மூணாவது வீட்டுப் புள்ள பாத்திச்சு."

"அப்புறம் ஏம்மா ஒருத்தரும் சொல்லல?"

"எங்களை யாருங்க கேட்டாங்க?"

கோபமில்லாமல்தான் சொன்னார். மறுபடி உட்கார்ந்து கீரையை உருவத் தொடங்கினார். உள்ளே அடுப்பில் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. லயத்து வீட்டில் எதுவும் குடிக்காத நான், கொடுத்தால் குடிப்பது என்று பஸ்ஸிலேயே தீர்மானித்து வந்திருந்தேன். கொஞ்ச நேரம் நின்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லயத்தைத் தாண்டினேன். அந்த டாக்டராக இருந்தால் தேத்தண்ணி கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த வழியில், இத்தனை வயதில், எனக்கு முதலில் வந்த நினைப்பு அதுதான்.